ஓரடி தள்ளி

மதியம் ஒரு மணி ஆகியும் திலகவதி நாற்காலியை விட்டு எழவில்லை. எழக்கூடாது என்று காலையில் பேருந்தில் வரும்போதே முடிவு செய்திருந்தாள். நகராட்சி அலுவலகத்தின் பிறப்பு இறப்புப் பிரிவில் பதினேழு வருஷம் ஆகிறது, அத்தனை வருஷத்தில் ஒருநாள்கூடத் தன் மேஜையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை. ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே டப்பாவைத் தூக்கிக்கொண்டு, போகிற வழியில் இருக்கிற எல்லோரையும் "வாங்க வாங்க, மணியாச்சு" என்று தோளில் தட்டிக் கிளப்பிக்கொண்டு கூட்ட அறைக்குப் போய்விடுவாள். ரெஜினா, பூங்கோதை, இவள். மூன்று பேரும் நீள மேஜையின் ஒரு முனையில் உட்காருவார்கள். இன்றைக்குப் போகப் போவதில்லை. போகாவிட்டால் யாராவது வந்து கேட்கிறார்களா என்று பார்த்துவிடலாம். ஒரு மணியிலிருந்து இரண்டு மணிவரை. ஒரு மணி நேரம் என்ன பெரிய நேரம், கண்ணை மூடித் திறந்தால் போய்விடும். நேற்று கை கழுவும் இடத்தில் நின்றபோது கதவுக்கு அந்தப் பக்கம் ரெஜினாவின் குரல் கேட்டது. "பேசுறப்ப மேல வந்து விழுறாங்க பூங்கோத. அந்தக் கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காதா? ஓரடி தள்ளி நின்னு பேசினா என்ன? எனக்கு மூச்சு முட்டுது." அதற்குப் பூங்கோதை சிரித்தாள். "நான் நாற்காலியப் பின்னால தள்ளித் தள்ளி செவுத்துல முட்டிக்கிட்டேன், இனிமே தள்ள இடமில்ல." யாரைச் சொல்கிறார்கள் என்று முதலில் இவளுக்குப் புரியவில்லை. யார் அப்படி மேலே விழுகிறது, மேனேஜர்கூடத் தள்ளித்தானே நிற்பார் என்று யோசித்துக்கொண்டே கையைத் துடைத்தாள். துடைத்து முடிக்கும்போது புரிந்தது. குழாயை மறுபடி திறந்து மறுபடி கை கழுவினாள்.

மேலே விழுவதா. தொட்டுப் பேசினால் மேலே விழுவதா. வலது கையை மேஜை மேல் மல்லாத்தி வைத்துப் பார்த்தாள், சாதாரணக் கை, விரல் நுனியில் ஸ்டாம்ப் மை, ஒரு மோதிரம். இந்தக் கை பேசுகிறபோது எங்கே இருக்கிறது என்று அவள் கவனித்ததே இல்லை. இப்போது நினைத்துப் பார்த்தால் எங்கெல்லாமோ இருந்திருக்கிறது. ரெஜினாவின் தோளில், பூங்கோதையின் முழங்கையில், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒரு அம்மாவின் தொடையில், சான்றிதழ் வாங்க வந்த ஒருத்தியின் குழந்தையின் கன்னத்தில். அந்தக் குழந்தை அழுதது. பசிக்கு அழுகிறது என்று சொன்னது இவள்தான், அந்தத் தாய் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பின்னுக்குப் போனவர்கள் எல்லோரும் இப்போது வரிசையாக வருகிறார்கள். பேசும்போது ஒரு கால் பின்னால் வைப்பார்கள், இவள் ஒரு கால் முன்னால் வைப்பாள், அப்படியே பேசிக்கொண்டே நடைக்கூடத்தின் இந்த முனையில் ஆரம்பித்து அந்த முனைக்குப் போயிருக்கிறார்கள், அதை நடை என்று நினைத்தாளே ஒழிய வேறொன்றும் நினைக்கவில்லை. வீட்டிலும் அப்படித்தானா? அவர் பேப்பரை விரித்துப் பிடித்திருக்கிறபோது இவள் மேலிருந்து எட்டிப் பார்த்து ஒரு செய்தியைச் சத்தமாகப் படிப்பாள். அவர் பேப்பரை மடித்து இவளிடமே கொடுத்துவிட்டு எழுந்து போவார். பெருந்தன்மை என்று நினைத்தாள். இருபத்தாறு வருஷமாகப் பெருந்தன்மை. ஓசூரில் வேலை பார்க்கும் மகன் போனில் "அம்மா, சாயங்காலம் பேசறேன்" என்பான், சாயங்காலம் இவள்தான் பேசுவாள். மூன்று மாதத்துக்கு முன்னால் மேனேஜர் கூப்பிட்டு, "பழைய பதிவேடெல்லாம் பின் ரூம்ல இருக்கு மேடம், அனுபவம் உள்ளவங்க ஒருத்தர் அங்க உட்காந்தா நல்லது, உங்களுக்கும் அமைதியா இருக்கும்" என்றார். அனுபவம் உள்ளவர் என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாயிற்று. அமைதியா இருக்கும் என்று அவர் சொன்னது யாருக்கு? அந்த ஒரு வார்த்தையில் வந்து நின்றுகொண்டாள், அதைத் தாண்டிப் போக முடியவில்லை, முள்ளில் மாட்டிய முந்தானை மாதிரி முன்னால் இழுத்தாலும் பின்னால் இழுத்தாலும் அங்கேயே நின்றது. யாருக்கு அமைதியாக இருக்கும்.

மணி ஒன்று பத்து. கூட்ட அறை இரண்டு கதவு தள்ளி, நாற்காலி இழுக்கிற சத்தம், டப்பா மூடி திறக்கிற சத்தம் எல்லாம் கேட்கிறது. பூங்கோதையின் சிரிப்பு கேட்கிறது. இவள் இல்லாமலும் சிரிப்பு வருகிறது, எப்போதும்போல் ஏறி இறங்கி முடிகிற அதே சிரிப்பு. தான் சொல்லித்தான் அவள் சிரிக்கிறாள் என்று எண்ணிக்கொண்டிருந்தாளே. யாரோ நடந்து வருகிறார்கள். திலகவதி சட்டென்று ஒரு பதிவேட்டை இழுத்து விரித்து வைத்துக்கொண்டு குனிந்தாள், முந்தானையைச் சரிசெய்தாள், வேலை மும்முரம் என்று சொல்லலாம், நேரம் போனதே தெரியலைடி என்று சொல்லலாம், சொல்லும்போது தலையை உடனே நிமிர்த்தக் கூடாது. வந்தது உதவியாளர் தாமோதரன். "ரவுண்ட் சீல் இங்க இருக்கா மேடம்?" என்று கேட்டுக்கொண்டே மேஜையிலிருந்து அவனே எடுத்துக்கொண்டு திரும்பினான். மணி ஒன்றேகாலுக்கு இவள் இங்கே உட்கார்ந்திருப்பது அவனுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. "தாமோதரா" என்று கூப்பிட்டாள். "மேடம்?" ஒன்றும் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. "சீலைத் திருப்பிக் கொண்டாந்து வச்சிடு." "வச்சிடறேன் மேடம்." போய்விட்டான். போனை எடுத்தாள். காலையில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள், மாடித் தோட்டத்துச் செம்பருத்தி, கீழே 'இனிய காலை' என்று. தினமும் வைப்பாள், வைத்துவிட்டு யார் யார் பார்த்தார்கள் என்று எண்ணுவாள், நாற்பத்திரண்டு பேர், நாற்பத்தாறு பேர். இன்றைக்கு இதுவரை முப்பத்தெட்டு. அதில் ரெஜினா இருக்கிறாள், எட்டு மணி ஐந்து நிமிஷத்துக்குப் பார்த்திருக்கிறாள். பார்த்திருக்கிறாளே என்று ஒரு சின்ன சந்தோஷம் எழுந்தது. எழுந்த வேகத்திலேயே அதை நினைத்து வெட்கமாக இருந்தது. பார்ப்பது என்றால் விரலால் தள்ளிக்கொண்டு போவதுதானே, பேருந்து ஜன்னலில் போகிற மரத்தைப் பார்க்கிற மாதிரி. அந்த மரம் தன்னை நாற்பத்தாறு பேர் பார்த்தார்கள் என்று கணக்கு வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்.

பண்ருட்டி வீட்டில் ஏழு பிள்ளைகள், இவள் ஆறாவது. அம்மாவுக்கு இவள் பெயர் நேராக வாயில் வந்ததே கிடையாது. செல்வி, ஜோதி, வசந்தா என்று மூன்று அக்காக்களையும் கூப்பிட்டுவிட்டு, தம்பி பெயரையும் ஒருதரம் சொல்லிவிட்டு, கடைசியில் "அடியே, உன்னத்தான்" என்பாள். அம்மாவின் கண்ணில் பட வேண்டுமானால் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், புடவையைப் பிடித்து இழுக்க வேண்டும், இழுத்தால் அடி விழும், அடி விழுந்தாலும் கையின் சூடு இருக்கும். திருவண்ணாமலையில் பெரியப்பா மகள் கல்யாணம் நடந்தபோது இவளுக்கு எட்டு வயது. சாப்பாடு முடிந்து வேன் கிளம்பியபோது இவளை மண்டபத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஜமக்காளக் குவியலுக்குப் பின்னால் தூங்கிவிட்டாள், யாரும் கவனிக்கவில்லை, சித்தப்பா திரும்பி வந்து கூட்டிக்கொண்டு போனார். இந்தக் கதையை அவள் இந்த அலுவலகத்தில் சொல்லாத ஆள் கிடையாது. சமையல்காரர் கொடுத்த லட்டு, ஒரு கையில் லட்டோடு மணமேடையில் மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது எல்லாம் சொல்லி, "என்னையே மறந்துட்டுப் போயிட்டாங்கடி" என்று முடிப்பாள், எல்லோரும் சிரிப்பார்கள். இப்போது இந்தப் பின் அறையில், சிரிக்க யாரும் இல்லாத இடத்தில், கதை தானாக ஓடி வேறு ஒரு இடத்தில் போய் நின்றது. அவள் தூங்கவில்லை. ஜமக்காளத்தின் புழுதி வாசனை மூக்கில் ஏறித் தும்மல் வந்தபோது மூக்கைப் பிடித்துக்கொண்டாளே, தூங்குகிற பிள்ளை எப்படி மூக்கைப் பிடிக்கும். வாசலில் வேன் உறுமுவது கேட்டது. அக்காக்கள் ஜன்னல் பக்கம் யாருக்கு என்று சண்டை போட்டது கேட்டது. இப்போது கூப்பிடுவார்கள், இப்போது யாராவது எங்கே திலகா என்பார்கள் என்று முழங்காலைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். வேன் போய்விட்டது. தேடுகிறார்களா பார்ப்போம் என்றுதான் ஒளிந்தாள். நாற்பத்தோரு வருஷத்தில் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை, தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. வெயில் தாழ்ந்தபிறகு சித்தப்பா வந்தார், "அட, நீ இங்கயா இருக்க" என்றார். திரும்பிப் போகும்போது அவர் கையில் ஒரு பழுப்புத் தோல்பை இருந்தது, மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த பட்டுப்புடவை வைத்த பை. அதை அவர் வரும்போதே கொண்டு வந்தாரா, மண்டபத்து அறையில் மறந்து வைத்ததை எடுக்க வந்தாரா? கேட்டிருக்கலாம். சித்தப்பா செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கேட்டிருந்தாலும் உனக்காகத்தாம்மா வந்தேன் என்றுதான் சொல்லியிருப்பார். "நீ இங்கயா இருக்க" என்பதை எந்தக் குரலில் சொன்னார் என்று மறுபடி மறுபடி கேட்டுப் பார்த்தாள். ஒருதரம் அப்பாடா என்பதுபோல் இருந்தது, ஒருதரம் ஆச்சரியம்போல் இருந்தது.

மணி ஒன்று இருபத்தைந்து. சாப்பிட்டுவிடலாம் என்று கூடையைத் திறந்தபோது உள்ளே மூன்று டப்பா இருந்தன. ஒன்றில் சாம்பார் சாதம், ஒன்றில் தயிர், மூன்றாவது பெரிய டப்பா நிறைய சேனை வறுவல். போகப் போவதில்லை என்று முடிவு செய்தது பேருந்தில், வறுவல் வறுத்தது அதற்கு முன்னால் விடியற்காலையில் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் ராத்திரியே மனசு வெறுத்துப் போய்த்தானே படுத்தாள், பிறகு எதற்குக் காலையில் மூன்று பேருக்குச் சேனை நறுக்கினாள். எல்லோர் சாதத்திலும் கேட்காமலே கரண்டியால் அள்ளிப் போடுவாள். "போதும்க்கா" என்பார்கள். "சும்மா சாப்பிடுடி" என்பாள். தயிர்சாதத்தின் மேல் அவர்கள் கை குவிந்து மறைப்பது பழக்கமாகிவிட்டது, அந்தக் கையையும் விலக்கிவிட்டுப் போடுவாள். ஒரு வாய் சாதம் எடுத்து வைத்தாள். மென்றாள். தொண்டையில் இறங்காமல் நின்றது. இப்படியே விக்கிக்கொண்டு மூச்சு நின்றுவிட்டால்? சிரிப்புக்குத்தான் நினைத்தாள், நினைத்தவுடன் நிஜமாகவே நெஞ்சுக்குள் ஒரு இடம் குளிர்ந்தது. இந்த அறைக்கு யாரும் வரமாட்டார்கள். சீலைத் திருப்பி வைக்கத் தாமோதரன் வர நாலு மணி ஆகும். அலமாரி நிறைய இறந்துபோனவர்கள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதிலிருந்து அடுக்கி வைத்திருக்கிறது, ஆணா பெண்ணா, வயது, தகப்பன் அல்லது கணவன் பெயர், இறந்த இடம். இவளுடையதையும் இங்கேதான் பதிவார்கள், நகர எல்லைக்குள் நடந்த மரணம். பதிவு போடுகிறவள் ரெஜினா. ரெஜினாவுக்கு இவள் அப்பா பெயர் தெரியாது, வயது தெரியாது. தெரியுமா? எத்தனையோ சொல்லியிருக்கிறாள். அப்படியானால் ரெஜினாவைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று கேட்டுக்கொண்டபோது முதலில் நிறையத் தெரியும்போல்தான் இருந்தது. தூத்துக்குடிப் பக்கம், கணவர் ஏதோ கப்பல் வேலை, ஒரு பெண். அந்தப் பெண் எட்டாவதா ஒன்பதாவதா? ஒன்பதாவது என்று சென்ற வருஷமே சொன்ன மாதிரி இருக்கிறது, அப்போது இவள் தன் மகன் ஒன்பதாவதில் கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். தண்ணீரைக் குடித்தாள். சாதம் இறங்கியது. உயிர் போகவில்லை, பசி மட்டும் போய்விட்டது.

"அக்கா." நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் ரெஜினா நின்றுகொண்டிருந்தாள். நிலைப்படிக்கு அந்தப் பக்கம், ஒரு கையைக் கதவில் வைத்துக்கொண்டு. வந்துவிட்டாள், வந்து கேட்கிறாள், காலையிலிருந்து காத்திருந்தது இதற்குத்தான். குபீரென்று ஒரு சந்தோஷம் கிளம்பி எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னது. திலகவதி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "சாப்பிட வரலையாக்கா?" "பசியில்ல." டப்பா திறந்து கிடக்கிறது, வாயில் சாதம் ஒட்டியிருக்கிறது, என்ன பொய் இது. ரெஜினாவின் கண் டப்பாவின் மேல் போய்த் திரும்பியது. உள்ளே வரவில்லை. இருவருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு அடி தரை. "நேத்து நான் பேசினது உங்களுக்குக் கேட்டுச்சாக்கா?" "கேட்டுச்சு." ரெஜினா கதவின் தாழ்ப்பாளைத் தடவினாள். "உங்க காதுல விழணும்னு சொல்லல." "சரி." "ஆனா பொய்யும் சொல்லலக்கா. எனக்கு நிஜமாவே கஷ்டமா இருக்கு." மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்திருந்த திலகவதிக்குச் சுருக்கென்றது. என்ன திமிர் இவளுக்கு என்று ஒரு கோபம் வந்து, வாயைத் திறக்க வைத்து, திறந்த வாய் அப்படியே நின்றது. ஏனென்றால் அப்போதுதான் அவளைப் பார்த்தாள். ரெஜினாவை இவ்வளவு தூரத்திலிருந்து, தலையிலிருந்து கால்வரை ஒன்றாக, அவள் பார்த்துப் பல நாள் ஆகியிருக்க வேண்டும். பக்கத்தில் நின்று பேசும்போது தெரிவது ஒரு காது, ஒரு கம்மல், கேட்கிறாளா என்று பார்க்கக் கண்கள். இங்கே நிற்கிற ரெஜினா பாதியாக இருந்தாள். ஜாக்கெட் கை தொளதொளவென்று தொங்கியது. காரை எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன. கழுத்தில் ஒரு பக்கம் சின்னதாக வட்டப் பிளாஸ்திரி. புடவைக் கொசுவத்தைச் சுற்றிச் சுற்றிச் செருகியதில் இடுப்பில் பெரிய முடிச்சு.

"என்ன இப்படி எளச்சிட்ட?" என்றாள் திலகவதி. ரெஜினா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். "நாலு மாசமாக்கா. எல்லாரும் கேட்டாச்சு. தாமோதரன்கூடக் கேட்டுட்டான்." குரலில் குத்தல் இல்லை, விவரம் சொல்வதுபோல்தான் சொன்னாள். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். தெனமும் என் தோள்லதான கை போட்டிருந்தீங்க." தெரிந்துதான் கேட்காமல் இருந்தேன், நீயாகச் சொல்வாய் என்று பார்த்தேன் என்று சொல்லிவிடலாம். பொய்கள் வந்து நாக்கில் வரிசையாக நின்றன. "தெரியல" என்றாள். "கையில ஒண்ணும் தெரியல." ரெஜினா தலையை ஆட்டினாள். கழுத்தில் ஒரு கட்டி இருக்கிறது என்றும், பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றும், யாராவது கழுத்துப் பக்கம் கை கொண்டுவந்தாலே உடம்பு தூக்கிப் போடுகிறது என்றும் சொன்னாள். வியாழக்கிழமை ரிசல்ட். திலகவதியின் சின்ன நாத்தனாருக்கும் இப்படித்தான் ஒரு கட்டி, பயந்த மாதிரி ஒன்றும் இல்லை, அந்தக் கதை தொண்டைவரை வந்துவிட்டது, இப்படித்தான் என் நாத்தனாருக்கு என்ற முதல் மூன்று வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். கை மேஜை விளிம்பிலேயே இருந்தது. பேசாமல் இருப்பது இவ்வளவு வேலை என்று தெரியாது, மூட்டை தூக்குவதுபோல் தோள் வலித்தது. அந்த இடைவெளியில் ரெஜினா உள்ளே வந்தாள். அலமாரிக்கு அடியிலிருந்த முக்காலியை இழுத்து, மேஜைக்கு அருகே கொண்டுவராமல், ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தாள். ராத்திரி தூக்கம் வருவதில்லை என்றாள். கணவர் கப்பலில் இருக்கிறார், ஜூன்வரை இறங்க முடியாது. பெண்ணுக்குப் பத்தாவது பரீட்சை, அவளிடம் சளிக்கட்டி என்று சொல்லி வைத்திருக்கிறாள். பத்தாவது. திலகவதி அதைக் குறித்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமை யாரு கூட வராங்க?" என்று கேட்டாள். "யாரும் இல்லக்கா." வேறு நாளாக இருந்தால் நான் வருகிறேன் என்று அப்போதே சொல்லி, லீவுக் கடிதம் எழுதி, வழியில் சாப்பிட என்ன கட்டுவது என்பதுவரை போயிருப்பாள். "நான் வரட்டுமா?" என்றாள். கேள்வியாக முடித்துவிட்டுக் காத்திருந்தாள். ரெஜினா ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி யோசித்தாள், நிஜமாகவே யோசித்தாள், அந்த யோசனை முடிய வெகுநேரம் ஆனது. "வேண்டாம்க்கா" என்றாள். "தனியாப் போயிட்டு வந்துடறேன். என்னன்னு தெரிஞ்சதும் உங்களுக்குச் சொல்றேன்." "சரி" என்றாள் திலகவதி. அவளுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அந்த ஏமாற்றம் முகத்தில் தெரிந்திருக்கும் என்று நினைத்தாள், தெரிந்தால் நல்லது என்றும் உள்ளே ஒரு மூலையில் ஆசையாக இருந்தது, ரெஜினா ஒருதரம் திரும்பிப் பார்த்தால் போதும். ரெஜினா பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற பெண் எப்படி எல்லோரையும் விரட்டுகிறாள் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள். திலகவதி கேட்டுக்கொண்டிருந்தாள்.